மூன்றாம் குழியில் பனி நிற்கவில்லை

கோர்னு மேடு
ஜனவரி 8, 2014

அன்பு மகள் திலிக்கு,

தேவாலயத்தில் என் நெஞ்சு கத்திய கதையை உன் அம்மா எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். அவள் எழுதினால் நான் மயங்கி விழுந்ததாகவும் சேர்ப்பாள். நான் விழவில்லை. வழுக்கி உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

தண்ணீர் மந்திரிக்கும் திருநாளன்று குப்பைக் கிடங்கில் ஷிப்டு முடிந்து அப்படியே கோவிலுக்குப் போய்விட்டேன். நீ விட்டுப்போன, விஷவாயு வந்தால் கத்தும் மீட்டர் கோட்டின் உட்பக்கம் மாட்டியிருந்தது. அதை நான் தினமும் மாட்டுகிறேன் என்று நினைத்துவிடாதே. கோட்டில் இருந்தது, கோட்டோடு வந்தது. யுஸ்தின் சாமியார் தூபக்கலசத்தை ஆட்டிக்கொண்டு வரிசையாக வந்து, என் முன்னால் வந்ததும் கொஞ்சம் நின்று, எனக்கு மட்டும் கூடுதலாகவே ஆட்டினார். குப்பைக் கிடங்கு வாசனைக்காக இருக்கலாம். உடனே உன் டப்பா வீறிட்டது. சிவப்பு விளக்கு வேறு கோட்டுக்குள்ளிருந்து மினுக் மினுக் என்றது. கிழவிகள் எல்லாம் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மூன்று ஸ்வெட்டருக்கு மேல் இறுகிய கோட்டுக்குள் கையை விட்டு பொத்தானைத் தேடினேன், கிடைக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். படியில் பனிக்கட்டி. உட்கார்ந்தேன்.

பூசை முடிந்ததும் சாமியார் வந்தார்.

"என்ன சிமியோன், முப்பது வருஷம் கழிச்சு முன் வரிசையில வந்து நின்னே, மணியையும் நீயே கொண்டுவந்துட்டியா?"

ஊரில் இப்போது என்னைப் பார்த்தால் பையன்கள் பீப் பீப் என்கிறார்கள். உன் டப்பா கெட்டுப்போய்விட்டது என்று நினைக்கிறேன். கோவிலில் ஏது விஷவாயு.

எடை மேடை அறையில் உன் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அவுரிகா தன் கைப்பையை அதில் வைக்கிறாள். லாரி எடையைக் குறித்துவிட்டு அந்தப் பையைப் பார்த்து, "இன்ஜினியரம்மா, சரியா இருக்கா?" என்று கேட்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் வெளியே போய்விடுகிறேன்.

நீ தொலைபேசியை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் கையெழுத்து, பொறுத்துக்கொள்.

உன் முட்டாள் அப்பா,
சிமியோன்


திமிஷோரா
ஜனவரி 16

அன்புள்ள அப்பா,

கடிதம் வந்தது. சிரித்தேன். சிரித்ததற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

தொலைபேசியை நான் எடுக்காததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். பேச ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடத்தில் இருவரும் கத்துகிறோம். கடிதத்தில் கத்த முடியாது. ஆகவே எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.

ஆனால் ஒன்று. "உன் முட்டாள் அப்பா" என்று கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் எப்போதும் இதைத்தான் செய்கிறீர்கள். உங்களை நீங்களே முதலில் அடித்துக்கொள்கிறீர்கள். அதற்குப் பிறகு வேறு யார் கை ஓங்க முடியும்?

டிசம்பர் 21 பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் எழுதுகிறேன். முந்தின நாள் இக்னாத் திருநாள். ஊர் முழுக்கப் பன்றி அறுத்து, வைக்கோல் போட்டுப் பொசுக்கி, மறுநாள் சாம்பலைக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டார்கள், வழக்கம்போல். ஏழாம் நம்பர் லாரி புகைந்துகொண்டே வந்தது. அது சூட்டு லோடு, தனியாகச் சரளைக் களத்தில் கொட்டுங்கள், பரப்பி மண் போட்டு ஒரு நாள் பார்ப்போம், பிறகு குழிக்குள் போகட்டும் என்று சொன்னேன். அது என் புத்தியில் உதித்ததல்ல, கிடங்கின் வாசலில் நீங்களே ஆணியடித்து மாட்டிய பலகையில் இருப்பது. நீங்கள் பன்னிரண்டு ஆட்கள் முன்னால் சொன்னீர்கள்: "அது புகை இல்ல பாப்பா, ஆவி. பன்னி சுடுதண்ணில குளிச்சிட்டு வந்திருக்கு." கோஸ்தெல் தன் குப்பை மிதிக்கும் வண்டியிலிருந்து விழும் அளவுக்குச் சிரித்தான். லாரி நேராக மூன்றாம் குழியின் கிழக்கு மூலையில் கவிழ்த்தது. கோஸ்தெல் தன் இரும்புச் சக்கர வண்டியை ஏற்றி அதை மிதித்துப் புதைத்தான்.

என்னைப் பாப்பா என்றது கூட எனக்குப் பெரிதில்லை. நான் சொன்னது சரி என்று உங்களுக்குத் தெரிந்திருந்தும் அப்படிச் செய்தீர்கள் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. ஏன் என்றுதான் புரியவில்லை. இங்கே வேலைக்கு என்னை முன்பே அழைத்திருந்தார்கள். வந்துவிட்டேன்.

மீட்டரைக் கெடுத்துவிடாதீர்கள். தினமும் சாயங்காலம் குப்பை மேல் மண் போடுகிறீர்களா? கிழக்கு மூலை எப்படி இருக்கிறது?

ஒத்திலியா


கோர்னு மேடு
ஜனவரி 27

அன்பு மகள் திலிக்கு,

உன் கடிதத்தை ஒரு வாரமாகக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். உன் டப்பா இருந்த இடத்தில் இப்போது அது இருக்கிறது. இது கத்தவில்லையே தவிர, குத்துகிறது.

அன்று ஆட்கள் முன்னால் உன்னை அப்படிக் கேலி செய்திருக்கக் கூடாது. எழுதிவிட்டேன். இந்த ஒரு வரிக்கு மூன்று தாள் கிழித்தேன், உன் அம்மாவைக் கேள்.

ஏன் என்று கேட்டிருக்கிறாய். கிறிஸ்துமஸ் நெருக்கடி, லாரிகள் சாலை வரை நின்றன. அப்படித்தான் வைத்துக்கொள்.

மண் போடுகிறோம். தினமும் இல்லை. மூடுமண் கல்லாக உறைந்து கிடக்கிறது. பொக்லைன் வாயால் கடித்தாலும் பெயர்வதில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை போடுகிறோம். காக்கைகளுக்குக் கொண்டாட்டம்.

கிழக்கு மூலை நன்றாகவே இருக்கிறது. நன்றாக என்றால், இந்தக் குளிர்காலத்தில் கிடங்கிலேயே சுகமான இடம் அதுதான். கோஸ்தெல்தான் கண்டுபிடித்தான். எங்கே பார்த்தாலும் முழங்கால் பனி, அங்கே மட்டும் நம் வீட்டு முன்னறை அளவுக்குத் தரை வறண்டு கிடக்கிறது. விழும் பனி நிற்பதே இல்லை. யாரோ எறிந்த பழைய கதவு ஒன்றை அதன் மேல் போட்டு, அதில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பீன்ஸ் சட்டியை ஓரமாக மண்ணில் வைத்தால் ஆறவே ஆறாது. சோளக்களி கூட இறுகுவதில்லை. கோஸ்தெல் காலுறையைக் கழற்றிக் காயப்போடுகிறான்.

"மேஸ்திரி, இது பொண்டாட்டி மடி மாதிரி இருக்கு. எழுந்திரிக்க மனசே வரல."

"உன் பொண்டாட்டிகிட்ட கேட்டுப் பாக்கவா?"

"வேணாம், அவ மடி இவ்ளோ சூடு இல்லேன்னு தெரிஞ்சா வம்பு."

குப்பை என்றால் உள்ளே புழுங்கும், சூடு வரும், அது எனக்குத் தெரியாததா. உன் டப்பாதான் அங்கே உட்கார்ந்தால் விடாமல் கத்துகிறது. கோவிலில் கத்தியது போலவே. கெட்டுப்போனது இனி எங்கே போனாலும் கத்தத்தானே செய்யும். ஒருவரையும் சாப்பிட விடவில்லை. பேட்டரியைக் கழற்றி உன் மேசையில் வைத்துவிட்டேன், அவுரிகா கைப்பைக்குப் பக்கத்தில். பத்திரமாக இருக்கிறது.

பிப்ரவரி 3 திங்கள் முதல் கிழக்கு மூலையைக் குப்பை கொட்டி உயர்த்தச் சொல்லி உத்தரவு. கோஸ்தெல் நாள் முழுவதும் வண்டியை அங்கேதான் ஓட்டப்போகிறான். எங்கள் சாப்பாட்டு மேசை போகிறது.

உன் அம்மா ஒன்று கேட்கச் சொன்னாள். நீல விளிம்பு வைத்த எனாமல் கிண்ணத்தை நீ எடுத்துப்போனாயா? கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்ததாம். வீட்டைத் தலைகீழாக்குகிறாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

முட்டாள் என்று எழுதவில்லை, கவனித்தாயா.

அப்பா


திமிஷோரா
பிப்ரவரி 1, சனிக்கிழமை

அப்பா,

இன்று காலை பத்து மணிக்கு உங்கள் கடிதம் வந்தது. கதவுப் பலகை வரை படித்துவிட்டு ஓடிப்போய் எடை மேடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவுரிகா அக்கா எடுத்தார்.

"மேஸ்திரியா? மூணாம் குழியில கதவு மேல உக்காந்து பலகாரம் சாப்பிடறாரு. கூப்பிடட்டா?"

"கூப்பிடாதீங்கக்கா. ஓடிப்போய் எழுப்புங்க. எல்லாரையும்."

பிறகு நீங்கள் மூச்சிரைக்க வந்தீர்கள். நான்கு நிமிடம் பேசினோம். இருவரும் கத்தவில்லை. இப்போதுதான் அது உறைக்கிறது.

பயத்தில் சொன்னதை நீங்கள் பாதி மறந்திருப்பீர்கள், நான் பாதி விட்டிருப்பேன். ஆகவே எழுதுகிறேன். இதை இன்றிரவு பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன், பெரிய இன்ஜினியர் திங்கட்கிழமை வந்ததும் கையில் கொடுங்கள்.

மீட்டர் கெடவில்லை. கோவிலிலும் கெடவில்லை. தூபக்கலசத்தில் இருந்தது கரி நெருப்பு. கரி கனிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். மணமில்லாதது, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கவைத்துவிடும். மீட்டர் அதைத்தான் முகர்ந்தது. அதே சத்தம் கிழக்கு மூலையில் வருகிறது என்றால் அங்கேயும் அடியில் கரி கனிகிறது. இக்னாத் சாம்பலில் இருந்த தணல் நாற்பது நாளாகக் குப்பையைத் தின்றுகொண்டிருக்கிறது. வெறும் புழுக்கத்தில் தரை வெதுவெதுப்பாகும். பீன்ஸ் சட்டி ஆறாமல் இருக்காது.

தின்ற இடம் வெற்றிடமாக இருக்கும். மேலே மண் ஓடு மட்டும். ஆள் உட்கார்ந்தால் தாங்கும். கோஸ்தெலின் வண்டி முப்பது டன். திங்கட்கிழமை அவன் அதை அங்கே ஏற்றினால் வண்டியோடு உள்ளே போவான். யாரும் எடுக்க முடியாது.

ஆகவே வண்டியின் சாவியை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோஸ்தெலின் வாக்கு போதாது, சாவி வேண்டும். அந்த மூலைக்குப் பக்கத்தில் இருக்கும் குப்பை வாயுவை இழுக்கும் இரண்டு குழாய்களின் வால்வையும் மூடுங்கள். அவை இழுக்க இழுக்க வெளிக்காற்று உள்ளே போய் நெருப்பை ஊதுகிறது. தண்ணீர் ஊற்றாதீர்கள். உங்கள் கை முதலில் தண்ணீர்க் குழாய்க்குத்தான் போகும், எனக்குத் தெரியும். ஊற்றினால் நீராவி முகத்தில் அடிக்கும், ஊற்றிய தண்ணீரெல்லாம் அழுக்குநீராக அடியில் இறங்கும். வெடிப்புகளில் ஈரக் களிமண் போட்டு மூடி, தீயணைப்புக்காரர்கள் வந்த பிறகு கெட்டித் தரையில் நின்று நீளக்கை பொக்லைனால் ஓரத்திலிருந்து தோண்டுங்கள். தோண்டியதைச் சரளைக் களத்தில் பரப்பி மண் போட்டுக் கலந்து ஆறவிடுங்கள். அடியில் விரித்த பிளாஸ்டிக் உருகியதா என்று அழுக்குநீர்க் குழாயில் வெப்பமானியை விட்டுப் பாருங்கள். அது ஓட்டையானால் கீழே ஊற்று, ஊற்றுக்குக் கீழே நம் தெருக் கிணறு.

பேட்டரியைத் திரும்ப மாட்டுங்கள்.

கிண்ணத்தை நான் எடுக்கவில்லை.

திலி


கோர்னு மேடு
பிப்ரவரி 10

அன்புத் திலி,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நிதானமாகப் படி. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நெருப்பு அணைந்தது. அழுக்குநீர் பத்தொன்பது டிகிரி, எப்போதும் போல. அடி விரிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நம் கிணற்றுத் தண்ணீரை நேற்று நானே இரண்டு குவளை குடித்தேன்.

சனிக்கிழமை சாவியைக் கேட்டபோது கோஸ்தெல் சிரித்தான்.

"என்ன மேஸ்திரி, பாப்பா போன் பண்ணா வண்டி நிக்குமா?"

"இன்ஜினியர்னு சொல்லுடா. சாவியக் குடு."

கொடுத்துவிட்டு, முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். இரண்டு நாளும் சாவி என் தலையணைக்கடியில் இருந்தது. உன் அம்மா அது என்ன சாவி என்று கேட்டாள். அவளுக்குப் பயம், எங்காவது வீடு வாங்கிவிட்டேனோ என்று.

திங்கட்கிழமை பெரிய இன்ஜினியர் உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தார். இரண்டாவது தடவை உட்கார்ந்து படித்தார். தீயணைப்புக்காரர்கள் முகமூடியும் காற்று உருளையுமாக வந்தார்கள். கெட்டித் தரையில் நின்று, நீளமான இரும்புக் கம்பியை அந்த வறண்ட இடத்தில் குத்தினேன். முதல் அரை அடி மண். அதற்குப் பிறகு கம்பி கையை விட்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது, வெண்ணெயில் இறங்குவது போலக்கூட இல்லை, ஒன்றுமே இல்லாததில் இறங்குவது போல. வெளியே இழுத்து நுனியில் துப்பினேன். சீறியது.

அப்புறம் பொக்லைன் தன் கையை நீட்டி அந்தத் தரையை லேசாகத் தொட்டது. தொட்டதுதான். முழு இடமும் உள்ளே போனது. எங்கள் கதவு போனது, பீன்ஸ் சட்டி வைத்த ஓரம் போனது, நாங்கள் கால் நீட்டி உட்கார்ந்த இடம் போனது. உள்ளே எடை மேடை அறை அளவுக்குக் குகை. சுவரெல்லாம் சிவப்பு. கதவு ஒரு நிமிடம் அப்படியே கிடந்தது, பிறகு பற்றிக்கொண்டது.

கோஸ்தெல் என் பக்கத்தில் நின்றிருந்தான். பனியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மேஸ்திரி, அன்னிக்கு நான் தானே ரொம்பச் சிரிச்சேன்."

"சிரிக்க வெச்சது நான்டா."

"இன்னிக்கு காலைல எட்டு மணிக்கு நான் அங்க மேல இருந்திருக்கணும்."

"இருந்திருக்கணும்."

"இன்ஜினியரம்மாக்கு என்ன பிடிக்கும்?"

வால்நட் ரொட்டி என்றேன். அதனால்தான் இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி வருகிறது. அவன் மனைவி சுட்டது. அந்த வண்டியில் ஏறுமுன் இப்போதெல்லாம் அவன் சிலுவை போட்டுக்கொண்டு மீட்டரையும் மாட்டுகிறான். எது முதலில் என்பதில் மட்டும் அவனுக்கும் சாமியாருக்கும் கருத்து வேறுபாடு.

மூன்று நாள் தோண்டினோம். நீ சொன்னபடியே சரளைக் களத்தில் பரப்பி, மண்ணைப் புரட்டி, ஆள் மாற்றி ஆள் காவல் இருந்தோம். என்னென்னவோ வந்தது. பன்றிக் குளம்புகள், கருகிய வைக்கோல், யாருடைய கால்சட்டையோ. எல்லாவற்றையும் நான் சொல்லவில்லை.

அறிக்கையில் லோடை உள்ளே விட்டது யார் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். உறைந்த மண், கிறிஸ்துமஸ் நெருக்கடி எதையும் எழுதவில்லை. பெரிய இன்ஜினியரிடம் நேராகவே சொன்னேன், நீ சொல்லியும் நான் கேட்கவில்லை, கோஸ்தெல் செத்திருப்பான், அதற்கு நான் காரணமாக இருந்திருப்பேன் என்று. இரண்டு மாதம் மேஸ்திரி வேலை இல்லை, வாசலில் லாரிகளைச் சோதிக்கும் வேலை. இரும்புக் கம்பியும் கையுமாக நிற்கிறேன். புகைகிற ஒன்றும் உள்ளே போவதில்லை. ஒருவன் டிரைவர் இருக்கையில் சிகரெட் பிடித்துக்கொண்டு வந்தான், அவனையும் சரளைக் களத்துக்கு அனுப்பினேன்.

மார்ச்சில் மூன்று நாள் பயிற்சிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். எந்த ஊர் என்று நினைக்கிறாய்? திமிஷோரா. நான் கேட்டு வாங்கவில்லை. சரி, கேட்டேன்.

அப்பா


திமிஷோரா
பிப்ரவரி 18

அன்புள்ள அப்பா,

வால்நட் ரொட்டி வந்தது. அலுவலகத்தில் யாருக்கும் கொடுக்காமல் முழுவதையும் நானே சாப்பிட்டேன். கோஸ்தெலிடமும் அவன் மனைவியிடமும் சொல்லுங்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான் என் மேசையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவி உங்களிடம் இருக்கிறது என்று தெரியும். இருந்தாலும் நீங்கள் யாருடைய பேச்சையாவது கேட்டுச் சிரித்து சாவியைக் கொடுத்துவிடுவீர்களோ என்று இரண்டு முறை தொலைபேசியை எடுத்து எடுத்து வைத்தேன். சாயங்காலம் அவுரிகா அக்கா கூப்பிட்டு, "குழி விழுந்துச்சு, ஆள் விழல" என்றார். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷமாகத்தான்.

அறிக்கை பற்றி நீங்கள் எழுதிய பத்தியில் ஒரு இடத்தில்கூட உங்களை நீங்கள் கேலி செய்துகொள்ளவில்லை. சிகரெட்காரன் வரும் வரைக்கும். அந்த வரிகளை மூன்று முறை படித்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தச் சாம்பல் எந்த வீட்டுடையது என்று தெரிந்ததா? ஏழாம் நம்பர் லாரி நம் மேலத் தெருவையும் ஆலைத் தெருவையும்தான் சுற்றுகிறது. யாரையும் தண்டிக்க இல்லை. பயிற்சியில் இரண்டாம் நாள் மதியம் சூட்டு லோடு பற்றிப் பாடம் எடுக்கப்போவது நான்தான். ஒரு வீட்டுக்காரர் எப்படி நினைக்கிறார், தணல் இருக்கும்போதே ஏன் கொட்டுகிறார் என்று தெரிந்தால் சொல்ல நன்றாக இருக்கும்.

விடுதி வேண்டாம். என் அறையில் சோபா இருக்கிறது. உங்கள் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நாற்காலி போட்டுக்கொள்ளலாம். வகுப்பில் என்னைப் பாப்பா என்று கூப்பிட்டால் வெளியே அனுப்புவேன்.

திலி


கோர்னு மேடு
மார்ச் 24

அன்புத் திலி,

ரயில் ஒழுங்காக வந்து சேர்ந்தது. நானும் அதனுள் இருந்தேன்.

சான்றிதழை எடை மேடை அறையில் மாட்டியிருக்கிறோம். மதிப்பெண் இருபதுக்குப் பதினான்கு. அவுரிகா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "பொண்ணு டீச்சர், அதுக்கப்புறமும் பதினாலுதானா?" என்றாள். நீ வாங்கித் தந்த செருப்பு உன் அம்மாவுக்குச் சரியாக இருக்கிறது. ஈஸ்டருக்கு நீ வருகிறாய் என்று சொன்னதிலிருந்து அவள் ஜன்னல்களைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். ஏற்கெனவே கழுவிய ஜன்னல்களை.

உன் பாடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ அந்தக் குகையின் படத்தைச் சுவரில் காட்டினாய். நாற்பது பேர், பல கிடங்குகளைப் பார்த்த ஆட்கள், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒல்லி மனிதர் காதருகே, "இந்தப் பொண்ணு விஷயம் தெரிஞ்சவ" என்றார். ஆமாம் என்றேன். என் மகள் என்று சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

பிறகு நீ சொன்னாய்: "இவ்வளவும் யாரோ ஒரு வீட்டுக்காரர் ஒரு வாளி சாம்பலை அவசரத்தில் கொட்டினதால. என்ன அவசரம்னு கடைசி வரைக்கும் தெரியல." ஒருவர் எழுந்து, "சூடு பண்ணின சாராயம் ஆறிடும்னு இருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். நீ கூட என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

ஊருக்குக் கிளம்பும் அன்று பிளாட்பாரத்தில் என் பையை இரண்டு தடவை திறந்து மூடினேன். டிக்கெட்டைத் தேடுகிறேன் என்று நினைத்தாய். டிக்கெட் என் தொப்பியில் இருந்தது. பையின் அடியில், செய்தித்தாளில் சுற்றி, ஒரு பொருள் இருந்தது. உனக்குக் காட்டத்தான் இங்கிருந்து கொண்டுபோனேன். காட்டாமலே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். ரயில் நகர்ந்தபோது நீ ஜன்னலுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே, "என்னப்பா, ஏதோ சொல்ல வந்தீங்க?" என்றாய். போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன் என்றேன்.

வீட்டுக்குப் போகாமல் நேராக எடை மேடைக்குப் போய் அதை ஆணியில் மாட்டினேன், சான்றிதழுக்குக் கீழே. அவுரிகா வெகு நேரம் பார்த்தாள்.

"யாருது மேஸ்திரி இது?"

"குழியில கிடைச்சுது. யாரோ ஒரு முட்டாளோடது."

"இந்த விளிம்ப நான் எங்கயோ பாத்திருக்கேன். இதுல சாப்பிட்டிருக்கேன்."

எல்லாம் கருகிவிட்டது, திலி. விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் நீலம் அப்படியே இருக்கிறது. தோண்டிய இரண்டாம் நாள் பொக்லைன் வாயிலிருந்து என் காலடியில் விழுந்தது. யாரும் பார்க்குமுன் கோட்டுக்குள் போட்டுக்கொண்டேன்.

இக்னாத் அன்று நீ வேலையில் இருந்தாய். பன்றி பொசுக்கிய சாம்பலை அள்ள வேறு பாத்திரம் கைக்கு அகப்படவில்லை. அந்தக் கிண்ணத்தில் அள்ளினேன். எனாமல் வெடித்து அடி விட்டுப்போனது. உன் அம்மா கண்ணில் படாமல் மறுநாள் விடியற்காலை தொட்டியில் போட்டு, மேலே சாம்பலைக் கொட்டி மறைத்தேன். சாம்பலைத் தொட்டுப் பார்த்தேன். மேலே குளிர்ந்திருந்தது. அடியில் தொடவில்லை.

ஏழாம் நம்பர் லாரி புகைந்துகொண்டு வந்தபோது அது எங்கிருந்து வருகிறது என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். களத்தில் கொட்டிப் பரப்பச் சொன்னாய். பரப்பினால் கிண்ணம் வெளியே வரும், அவுரிகா பார்ப்பாள், உன் அம்மாவுக்குப் போகும், ஆட்கள் சிரிப்பார்கள். அதனால் அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரிக்கும்படி செய்தேன். ஒரு ஓட்டைக் கிண்ணத்துக்காக.

உன் அம்மாவிடம் நேற்றிரவு சொன்னேன். இன்று காலை எனக்குச் சோளக்களி வைத்தாள், பேசவில்லை, ஆனால் வைத்தாள். அலுவலகத்துக்கும் திருத்தம் எழுதி அனுப்பிவிட்டேன். அது சுலபமாக இருந்தது.

பிளாட்பாரத்தில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்ல முடியாமல் போனது இதுதான்: அது நம் வீட்டுச் சாம்பல்.

அப்பா